செவிச்செல்வம்: முதல் மாதத்திலேயே தொடங்கும் பாதுகாப்பு

குழந்தை பிறந்த சில நாள்களிலேயே அதன் எதிர்காலத்திற்காகச் சேமிக்கத் தொடங்கும் பெற்றோர் இன்று பெருகியுள்ளனர். பெண் குழந்தையாயின் செல்வமகள் சேமிப்புத் திட்டம், ஆண் குழந்தையாயின் பொது வருங்கால வைப்பு நிதி, தாத்தா பாட்டியின் பரிசாக ஒரு வைப்புத் தொகை என்று, பெயர் சூட்டும் முன்னரே கணக்குத் தொடங்க விசாரிப்போரும் உண்டு. போற்றத்தக்க வழக்கம் இது. ஆனால் அந்தக் கல்விச் சேமிப்பு பயன்பட வேண்டுமாயின், குழந்தை முதலில் மொழியைக் கற்க வேண்டும்; பெரும்பாலான குழந்தைகளுக்கு மொழி செவியின் வழியாகவே வந்து சேர்கிறது.

ஒரு காலத்தில் குழந்தை உயிர் பிழைப்பதே பெரும் கவலையாக இருந்தது. பெரியம்மை ஒழிந்தது. போலியோ இல்லாத நாடு என்னும் சான்றை இந்தியா 2014ஆம் ஆண்டு மார்ச்சில் பெற்றது. குறைமாதத்தில் பிறந்த சிசுக்களும் நவீன சிகிச்சையால் பிழைத்து வளர்கின்றனர். பிழைத்த குழந்தை முழுமையாக மலர வேண்டும் என்பதே இனி நம்முன் உள்ள பணி. அப்பணியில் எளிதில் தவறவிடப்படும் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரையில் பேசுகிறோம். பிறந்த குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறதா என்பதை முதல் மாதத்திலேயே சோதித்து அறிவதுதான் அது.

மைசூருவின் பெருமை

அரண்மனைக்கும் தசராவுக்கும் பெயர்பெற்ற மைசூருவில், மானசகங்கோத்ரி பகுதியில் மற்றொரு பெருமையும் இருக்கிறது. ஊரார் 'ஆயிஷ்' என்று சுருக்கமாக அழைக்கும் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் அது. 1965இல் தோற்றுவிக்கப்பட்டு, மறு ஆண்டில் தன்னாட்சி பெற்ற இந்நிறுவனம், மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. பேச்சு, மொழி, செவித்திறன் தொடர்பான சிகிச்சை, கல்வி, ஆராய்ச்சி ஆகியவற்றை ஒரே வளாகத்தில் நடத்துகிறது; மருத்துவமனைகளுக்குச் சென்று பச்சிளங்குழந்தைகளின் செவியைச் சோதிக்கும் பணியையும் செய்துவருகிறது. கர்நாடகத்திலிருந்து மட்டுமன்றி, தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களிலிருந்தும் பெற்றோர் தம் குழந்தைகளோடு இங்கு வருகின்றனர்.

இவ்வாறு வருவோரிடம் பெரும்பாலும் முதலில் கேட்கப்படும் வினா, "எப்போது சந்தேகம் வந்தது?" என்பதாகும். சந்தேகம் வந்த நாளுக்கும் சோதனைக்கு வந்த நாளுக்கும் இடைப்பட்ட மாதங்களே குழந்தை இழந்த மாதங்கள்.

காலம் என்னும் மூலதனம்

வட்டியின் இயல்பை நம் வாடிக்கையாளர்கள் நன்கறிவர். முன்னதாக இட்ட சிறு தொகை, பின்னதாக இட்ட பெருந்தொகையை வென்றுவிடும். குழந்தையின் மூளை மொழியைக் கற்பதும் ஏறத்தாழ இவ்வாறே. கருவில் இருக்கும்போதே, ஐந்தாம் ஆறாம் மாதங்களிலிருந்து குழந்தை ஒலிகளைக் கேட்கத் தொடங்குகிறது. பிறந்தவுடன் தாயின் குரலை அடையாளம் காண்கிறது. முதல் மூன்று நான்கு ஆண்டுகளில், கேட்ட ஒலிகளைப் பிரித்தறிந்து பொருள் கொள்ளும் பாதைகளை மூளை விரைவாக அமைத்துக்கொள்கிறது. ஒலி வந்து சேராவிடில் அப்பாதைகள் வலுப்பெறுவதில்லை. பிற்காலத்தில் எவ்வளவு விலையுயர்ந்த கருவியைப் பொருத்தினாலும், கடந்த காலத்தை முழுமையாக ஈடுசெய்ய இயலாது.

1998இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் செவித்திறன் குறைந்த 150 குழந்தைகளை ஆராய்ந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு இதனை உறுதிசெய்தது. ஆறு மாத வயதுக்குள் குறை கண்டறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள், அதன் பின்னர் கண்டறியப்பட்டவர்களைவிட மொழித்திறனில் தெளிவாக முன்னே நின்றனர். இத்தகைய ஆய்வுகளின் பயனாகவே '1, 3, 6' என்னும் விதி உலகெங்கும் பரவியது. முதல் சோதனை 1 மாதத்துக்குள். ஐயம் இருந்தால் உறுதிசெய்யும் சோதனை 3 மாதத்துக்குள். கருவியும் பயிற்சியும் 6 மாதத்துக்குள். காசோலையின் தேதியைப் போல் பெற்றோர் மனத்தில் நிறுத்த வேண்டிய மூன்று எண்கள் இவை.

நம் வீட்டில் யாருக்கும் இல்லையே?

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அவர்களுள் 1 முதல் 3 பேருக்குக் குறிப்பிடத்தக்க செவித்திறன் குறைவு இருக்கும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வந்த குழந்தைகளிடையே இது நூற்றுக்கு 2 முதல் 4 வரை உயர்கிறது. செவித்திறன் குறைந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், நன்றாகக் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். ஆகவே, "நம் பரம்பரையில் யாருக்கும் இல்லை" என்பது சோதனையைத் தள்ளிப்போடுவதற்குரிய காரணம் ஆகாது.

காரணங்கள் பல. மரபணு வழியாக வருவது ஒன்று. தாயும் தந்தையும் நன்றாகக் கேட்பவர்களாயினும், இருவரும் ஒரே குறையுள்ள மரபணுவை மறைவாகச் சுமந்திருந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு வாய்ப்பு அக்குறை குழந்தைக்கு வருவதற்கு உண்டு. தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் தென்னிந்தியாவில் இன்றும் உள்ளது. ஒரே மூதாதையரிடமிருந்து ஒரே மரபணுவை இருவரும் பெற்றிருக்கும் வாய்ப்பு இத்தகைய மணங்களில் மிகுதி. இவ்வாறு மணந்தோர் அஞ்சவோ வெட்கப்படவோ வேண்டியதில்லை; மரபணு ஆலோசனை பெறுவதும், பிறக்கும் குழந்தையின் செவியைத் தவறாது சோதிப்பதும் போதும்.

கருவுற்ற தாய்க்கு ரூபெல்லா என்னும் அம்மை கண்டால் குழந்தையின் செவி, கண், இதயம் ஆகியவை பாதிக்கப்படலாம். தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் எதிரான தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் கர்நாடகம், தமிழ்நாடு, புதுச்சேரி, கோவா, இலட்சத்தீவு ஆகிய ஐந்து பகுதிகளில்தான் முதலில் தொடங்கப்பட்டது. குறைந்த எடையுடன் பிறத்தல், பிறக்கும்போது மூச்சுத் திணறல், கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், சில வலிமையான மருந்துகள் ஆகியனவும் செவியைப் பாதிக்கக்கூடும். குழந்தைப் பருவச் செவித்திறன் இழப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு தவிர்க்கக்கூடிய காரணங்களால் நேர்வதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

தட்டைத் தட்டிப் பார்த்தால் போதுமா?

குழந்தையின் பின்னால் நின்று கைதட்டுவதும், எவர்சில்வர் தட்டைத் தட்டுவதும் நம் வீடுகளில் வழக்கம். குழந்தை திரும்பினால் எல்லாரும் நிம்மதி அடைகின்றனர். இந்நிம்மதி பல வேளைகளில் பொய்யானது. தரையின் அதிர்வையோ, காற்றின் அசைவையோ, நிழலையோ உணர்ந்தும் குழந்தை திரும்பலாம். உரத்த ஒலி கேட்கும் குழந்தைக்கு மெல்லிய பேச்சொலி கேட்காமல் இருக்கலாம். கதவு சாத்தும் ஓசை கேட்கும். 'பசு' என்பதில் உள்ள 'சு' கேட்காது. மேலும், கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் மழலை ஒலி எழுப்பும். தன் குரலே தனக்குக் கேட்காததால், பின்னர் அது மெல்லக் குறைந்துபோகும். அதுவரை வீட்டாருக்கு ஐயம் எழுவதேயில்லை.

உண்மையான சோதனை இவ்வளவு எளிதாக இருக்கும் என்பதைப் பலர் அறியார். நலமான உட்செவி ஒலியைப் பெறுவதோடு நில்லாமல், தானும் மிக மெல்லிய ஒலியைத் திருப்பி எழுப்புகிறது. 1978இல் இலண்டனில் டேவிட் கெம்ப் என்னும் அறிவியலாளர் இதனைக் கண்டறிந்தார். இதன் அடிப்படையில் அமைந்ததே 'ஓ.ஏ.இ.' சோதனை. உறங்கும் குழந்தையின் காதில் சிறு முனை ஒன்றை வைத்து, மெல்லொலியைச் செலுத்தி, திரும்பி வரும் ஒலியைக் கருவி பதிவுசெய்கிறது. ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிடங்களே ஆகும்.

முதல் சோதனையில் 'மீண்டும் பார்க்க வேண்டும்' என்று வந்தால் உடனே கலங்க வேண்டாம். பிறந்த குழந்தையின் காதில் எஞ்சியிருக்கும் நீரோ பிசுக்கோ கூட அதற்குக் காரணமாகலாம். ஆனால் மீண்டும் செல்லாமல் இருந்துவிடுவது ஆகாது. இரண்டாவது முறையும் ஐயம் நீடித்தால் 'பெரா' என்னும் சோதனை செய்வர். ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் எவ்வாறு வினையாற்றுகின்றன என்பதை அது காட்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கு இச்சோதனை தொடக்கத்திலேயே தேவைப்படும்.

மூன்று மொழி என்னும் சமாதானம்

மைசூருவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்பது இயல்பு. குழந்தை பேசத் தாமதமானால், "மூன்று மொழி காதில் விழுகிறது; குழம்புகிறது" என்று சமாதானம் கூறிக்கொள்கிறோம். "இவன் அப்பாவே மூன்று வயதில்தான் பேசினார்" என்று பாட்டி ஆறுதல் சொல்வார். சில வீடுகளில் வசம்பு உரைத்து நாவில் தடவுவர். பல மொழி கேட்டு வளர்வது பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. எந்த மொழியிலும் பேச்சு வராத குழந்தைக்கு, மொழிகளின் எண்ணிக்கை காரணம் அன்று. வேண்டுதலும் பாட்டி வைத்தியமும் அவரவர் நம்பிக்கை. அவற்றுக்காகச் சோதனை காத்திருக்கலாகாது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய படிகள் இவை: 6 மாதத்தில் ஒலி வரும் திசை நோக்கித் திரும்புதல், 9, 10 மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தால் நோக்குதல், ஏறத்தாழ 1 வயதில் 'அம்மா', 'அப்பா' போன்ற பொருளுள்ள முதற்சொற்கள், 2 வயதில் 'பால் வேணும்', 'தாத்தா வா' என்று இரு சொற்களைச் சேர்த்தல். இவற்றுள் எது பிந்தினாலும், முதல் மாதச் சோதனையில் தேறிய குழந்தையாயினும், மீண்டும் செவியைச் சோதிக்க வேண்டும். சில குறைகள் பிறந்து சில மாதங்களுக்குப் பின்னரே தோன்றுகின்றன.

கைப்பேசியும் இங்கு நினைவுகூரத் தக்கது. திரையிலிருந்து வரும் ஒலி உரையாடல் ஆகாது. குழந்தையின் முகம் பார்த்து அது மறுமொழி கூறாது. 2 வயதுக்குள் உறவினருடன் காணொளி அழைப்பு தவிரத் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 5 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்றும் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் அறிவுறுத்தியுள்ளது.

கண்டறிந்த பின்

குறை உறுதியானால் அதன் அளவைப் பொறுத்துச் செவித்துணைக் கருவி பொருத்தப்படும். கடுமையான குறைக்கு, உட்செவிக்குள் மின்முனைகளைச் செலுத்தி நரம்பை நேரடியாகத் தூண்டும் காக்ளியர் கருவி அறுவை மூலம் பொருத்தப்படலாம். கருவி ஒலியைக் கொண்டுவந்து சேர்க்கும். அவ்வொலிக்குப் பொருள் கற்பிப்பது பயிற்சியே. அப்பயிற்சியில் முதல் ஆசிரியர் தாய். ஆயிஷ் நிறுவனத்தின் மழலையர் வகுப்புகளில் குழந்தையோடு பெற்றோருக்கும் பயிற்சி தரப்படுகிறது. சென்னையில் 1969இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயா பள்ளியும், கேளாத குழந்தைகளை 5 வயதுக்குள் பேச்சுக்கும் எழுத்துக்கும் ஆயத்தம் செய்யும் பணியில், தாயை உடனிருத்திப் பயிற்றுவதையே முறையாகக் கொண்டுள்ளது.

கருவியால் பயனடையாத குழந்தைகளும் உண்டு. அவர்களுக்குச் சைகை மொழி ஒரு முழுமையான மொழியே. அதனையும் இளமையிலேயே கற்பிக்க வேண்டும். எவ்வழியாயினும், குழந்தை மொழியின்றி ஆண்டுகளைக் கழிக்கலாகாது.

சேமிப்பைப் பற்றிச் சில சொற்கள்

இனி, வங்கியினர் என்ற முறையில் நாங்கள் கூற வேண்டியவை. அரசின் உதவிகள் உள்ளன. 2013இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், பிறப்பு முதல் 18 வயது வரை, பிறவிக் காது கேளாமை உள்ளிட்ட குறைகள் கண்டறியப்பட்டு, மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களுக்கு அனுப்பப்படுகின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் 'அடிப்' திட்டம் 2014இல் திருத்தப்பட்டபோது, வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களின் குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி ஒன்றுக்கு 6 இலட்சம் ரூபாய் வரை வழங்க வகைசெய்யப்பட்டது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இச்சிகிச்சைக்கு உதவுகிறது. இவற்றுக்கெல்லாம் வயது வரம்பு உண்டு என்பதை மறவாதீர். தாமதத்தால் இழப்பது மொழியை மட்டுமன்று, உதவிக்கான தகுதியையும்தான்.

உதவியால் கருவி கிடைத்தாலும், அதன் பின்வரும் செலவு குடும்பத்தையே சாரும். மின்கலம், கம்பிச் சுருள், வெளிக்கருவியின் பழுது, பயிற்சிக்குப் பயணம், பயிற்சி நிலையத்துக்கு அருகில் வாடகை வீடு, சில வேளைகளில் தாய் வேலையைத் துறப்பதால் குறையும் வருமானம் என்று அது நீளும். ஆதலால் நாங்கள் எல்லாப் பெற்றோருக்கும் கூறுவது இது. குழந்தைக்கான சேமிப்பு முழுவதையும் நீண்டகாலத் திட்டங்களில் பூட்டிவிடாதீர்கள். செல்வமகள் திட்டத்தில், உயர்கல்விக்காகப் பாதித் தொகையை எடுப்பதற்கே மகள் 18 வயதை எட்ட வேண்டும் அல்லது பத்தாம் வகுப்பைக் கடக்க வேண்டும். முதல் மூன்று ஆண்டுகளில் நேரக்கூடிய தேவைக்கு அது கைகொடாது. மாதம் 500 ரூபாயில் ஒரு தொடர் வைப்பு தொடங்கினால், 5 ஆண்டுகளில் வட்டி நீங்கலாகவே 30,000 ரூபாய் சேரும்; அதுவரை எந்த நேரத்திலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அவசரத் தேவைக்கு நிலையான வைப்பை இடையில் முறிப்பதற்கு முன், அதன் மீது கடன் பெறலாமா என்று கிளையில் கேளுங்கள். பல வேளைகளில் இழப்பு குறையும்.

குடும்ப மருத்துவக் காப்பீடு உள்ளோர், பிறந்த குழந்தையை எத்தனை நாளுக்குள் சேர்க்க வேண்டும், பிறவிக் குறைகளுக்கு விதிகள் யாவை என்பவற்றைப் பேறுகாலத்துக்கு முன்பே படித்தறிய வேண்டும். 40 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட குறைக்கு அரசு மருத்துவக் குழுவின் சான்றிதழ் பெற்று வைப்பது உதவித்தொகைக்கும் வரிச்சலுகைக்கும் அடிப்படை. 1961ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டத்தின் 80டிடி பிரிவு, பழைய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு, மாற்றுத்திறனுடைய சார்ந்தோருக்காக 75,000 ரூபாயும், குறை கடுமையாயின் 1,25,000 ரூபாயும் கழிவாக அளித்தது. நடப்பு ஆண்டின் விதியை வரி ஆலோசகரிடம் உறுதிசெய்துகொள்க.

வளரும் பிள்ளைகளின் செவி

நலமாகப் பிறந்த செவியையும் காக்க வேண்டிய காலம் இது. மைசூரு தசராவில் பீரங்கி முழங்கும்போது யானைகள் மிரளாதிருக்க, முன்கூட்டியே அவற்றை ஒலிக்குப் பழக்குகின்றனர். ஆனால் பேரொலிக்குச் செவி பழகாது. பழகிவிட்டது என்று நாம் கருதுவது பெரும்பாலும் கேட்கும் திறன் குறைந்ததன் அடையாளமே. வெடியோசையிலிருந்தும் ஒலிபெருக்கியின் அருகிலிருந்தும் சிறுவரை விலக்கி நிறுத்துங்கள்.

பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல், சிறுவர்களுக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் கூறும் பாதுகாப்பான கேட்பு எல்லை. ஒலி 3 டெசிபல் உயர்ந்தால் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். கூட்டுவட்டியைப் போலப் பெருகும் கடன் இது. இயர்போனில் ஒலியளவைப் பாதிக்குச் சற்று மேல் வரை நிறுத்திப் பழக்குங்கள். காதில் எண்ணெய் ஊற்றுவதும், ஊக்கு, கொண்டை ஊசி, பஞ்சுக் குச்சி இடுவதும் வேண்டாம். சீழ் வடிந்தால் "தானே ஆறிவிடும்" என்று விடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காணுங்கள். வகுப்பில் கவனமில்லை என்று ஆசிரியர் குறைகூறும் பிள்ளைக்கு, கண்டிப்பதற்கு முன் ஒருமுறை செவியைச் சோதியுங்கள்.

உங்கள் இல்லத்திலோ உறவிலோ குழந்தை பிறக்கவிருந்தால், மருத்துவமனையில் இரு வினாக்களைக் கேளுங்கள். "குழந்தைக்குச் செவிச்சோதனை செய்தாயிற்றா? முடிவு எழுத்தில் உள்ளதா?" இல்லை என்பது விடையாயின், அருகில் எங்குச் செய்கின்றனர் என்று கேட்டறிந்து, முதல் மாதம் முடிவதற்குள் சென்று வாருங்கள். அச்சீட்டைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்துப் பாதுகாத்திடுங்கள்.